ஒன்றாம் பட்டன்

மே 2, வியாழன்

ஏழு வீடுகள். ஸ்கூட்டி சீட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உட்கார முடிந்தது.

அம்மாவுக்கு என் வேலை என்னவென்று இன்றுவரை புரியவில்லை. ஒருமுறை இங்கே எழுதி வைக்கிறேன். எந்த சானலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனி. சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து டிவியோடு ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்துவோம். கூடவே தனியாக ஒரு ரிமோட். வீட்டில் ஆளுக்கு ஒரு பட்டன். டிவி முன் உட்காரும்போது தன் பட்டனை அழுத்த வேண்டும், எழும்போது மறுபடி. வெளியாள் வந்தால் விருந்தாளி பட்டன். அந்த வீட்டில் ஒருவர் பார்த்தால் வெளியே ஏறக்குறைய நாலாயிரம் பேர் பார்த்ததாகக் கணக்கு. எந்த வீடு என்று யாரிடமும் சொல்லக் கூடாது. வீடுகளின் பதிவை யாருக்கும் காட்டக் கூடாது. என் பொறுப்பில் நாற்பத்திரண்டு வீடுகள்.

கடைசி வீடு மேலக்கரும்பூர் முத்துப்பேச்சி வீடு. அங்கே மூன்று மாதமாக ஒன்றாம் பட்டன் சரியாக விழுவதில்லை. ஒன்று, அவள் கணவர் கருத்தப்பாண்டி. இரண்டு, முத்துப்பேச்சி. மூன்று, ஆறாம் வகுப்புக்குப் போகப்போகும் மகள் பிரியா.

“அவிய எங்க டீச்சர் பட்டன அமுக்குதாவ? சோத்துத் தட்டோட வந்து உக்காருவாவ. கை காயுததுக்குள்ள கொறட்ட.”

நான் டீச்சர் இல்லை என்று நான்கு முறை சொல்லியாயிற்று. நோட்டும் பையுமாக வருவதால் டீச்சர்.

கருத்தப்பாண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிணறு தோண்டும் வேலை. கை விரல்களில் நகங்கள் பாதிதான். “நா தூங்குனா பாத்த கணக்கா, பாக்காத கணக்கா டீச்சர்?”

“அறையில இருந்தா பார்த்த கணக்கு.”

“அப்ப நாலாயிரம் பேரு கொறட்ட விடுதான்னு எழுதிக்கோங்க.”

முத்துப்பேச்சியின் தம்பியும் இருந்தான். அதே கிணற்று வேலை. பெயர் ஐகோர்ட்துரை. குலசாமி பெயர். “எனக்கு ஒரு பட்டன் கெடையாதா?”

“நீங்க விருந்தாளி பட்டன் அழுத்தணும்.”

“கேட்டியாக்கா? ஒன் வீட்ல நா விருந்தாளியாம். பேரு ஐகோர்ட்டா போச்சு, இதுக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குல்லா போவணும்.”

கருத்தப்பாண்டி தட்டின் விளிம்பில் விரலால் இரண்டு தட்டு தட்டினார். முத்துப்பேச்சி சோற்றுச் சட்டியோடு எழுந்தாள்.

“பாத்தீங்களா டீச்சர்? கெணத்துக்குள்ள இருந்து கொழாயில ரெண்டு தட்டுனா மேல இருக்கவன் தூக்கணும். அந்தப் பழக்கத்துல வீட்லயும் தட்டுதாவ. இங்க என்ன கிரேனா ஓடுது?”

கிளம்பும்போது பிரியாவிடம் கொஞ்சம் கண்டிப்பாகச் சொன்னேன். அப்பா மறந்தால் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒன்றாம் பட்டன் விழாவிட்டால் அடுத்த முறை உன்னைத்தான் கேட்பேன். குழந்தை பயந்த மாதிரி தலையாட்டியது. இதற்கெல்லாம் அந்தக் குரல் தேவையா என்று திரும்பும் வழியில் நினைத்தேன்.

மே 5, ஞாயிறு

துணி துவைத்தேன். வாளியின் கைப்பிடி கழன்றுவிட்டது.

லெனின் கூப்பிட்டான், பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. செய்தி சானலில் அவனை இந்த மாவட்டத்துக்கு மாற்றியிருக்கிறார்களாம். பேச ஒன்றும் இல்லை.

நாற்பது நிமிடம்.

மே 9, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு ஒரு எலுமிச்சைத் தோட்டத்துக் கிணற்றில் பக்கச் சுவர் சரிந்திருக்கிறது. நூற்றுப் பத்து அடி. ஆழப்படுத்தும் வேலை. உள்ளே ஒருவர். அடியில் பக்கவாட்டில் குடைந்திருந்த பொந்துக்குள் இருந்ததால் மண் அவர்மேல் விழவில்லை. பொந்தின் வாய் அடைபட்டுவிட்டது.

பெயர் திரையில் வந்தபோது நான் மெஸ்ஸில் இருந்தேன். கருத்தப்பாண்டி, 41. ஆதார் அட்டைப் படம்.

மதியம் லெனின் சானல் ஒரு மைக்கைக் கம்பியில் கட்டிக் கம்ப்ரசர் குழாய் ஓரமாக இறக்கியது. முதலில் இரைச்சல். அப்புறம், டண், டண். இடைவெளி. டண், டண். எங்கோ ஒரு மயில் அகவியது. மறுபடி டண், டண். மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்தவர் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார். யாரோ கைதட்டினார்கள்.

விதி தெளிவாக இருக்கிறது. பெட்டி வைத்த வீட்டு ஆள் செய்தியில் அடிபட்டால் அந்த வீட்டை உடனே நிறுத்திவைக்க வேண்டும். கம்பெனிக்கு ஒரு மெயில், இரண்டு வரி.

நாளை அனுப்புகிறேன்.

மே 10, வெள்ளி

நேற்றைய பதிவு காலையில் லேப்டாப்புக்கு வந்தது. நாற்பத்திரண்டில் முப்பத்தேழு வீடுகள் அந்த ஒரே சானலில். இப்படி ஒரு கோடு நான் பார்த்ததில்லை. ஆட்டோ ஓட்டுபவர் வீடு, வங்கி மேலாளர் வீடு, டிவியே போடாத மருந்துக்கடைக்காரர் வீடு, எல்லாம் ஒரே படிக்கட்டில் ஏறியிருக்கின்றன. நிபுணர் வந்து பேசினால் நாலைந்து வீடு கழன்றுபோகிறது. விளம்பரம் வந்தால் பத்து. தட்டும் சத்தம் கேட்ட அந்த நாற்பது விநாடியில் ஒரு வீடும் நகரவில்லை.

முத்துப்பேச்சி வீட்டு வரிசையைக் கடைசியில் பார்த்தேன். வேண்டுமென்றே கடைசியில்.

காலை 10.15 முதல் ஒன்றாம் பட்டன் விழுந்திருக்கிறது. நாள் முழுக்க.

மாலை பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் லெனின். தாடி வைத்திருக்கிறான். தூங்கவில்லை என்று முகமே சொன்னது. பல்கலைக்கழகத்தில் பேசிய மாதிரியே பேசிக்கொண்டிருந்தோம். மக்கள் ஏன் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கும்போது கண்ணை எடுப்பதில்லை. என் முனைவர் பட்ட விண்ணப்பத்தின் தலைப்பே அதுதானே என்று ஞாபகம் வைத்துக் கேட்டான். நான் போனில் ஒரு கோட்டுப்படத்தைக் காட்டினேன். ஒரு கோடு, அவ்வளவுதான். வீட்டின் பெயரோ ஊரோ அதில் இல்லை.

அவன் அந்த நாற்பது விநாடியின்மேல் விரலை வைத்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தான்.

“இந்தச் சத்தந்தான் இல்ல?” என்றான்.

மெயில் அனுப்பவில்லை.

மே 11, சனி

மேலக்கரும்பூர் போனேன். பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க.

வீட்டுக்குள் இருபது பேருக்கு மேல். டிவி இருக்கும் சுவரைப் பார்த்தபடி எல்லோரும். முத்துப்பேச்சி தரையில், திரைக்கு இரண்டடி தூரத்தில். கிணறு ஆறு கிலோமீட்டர்தான். கூட்டிப்போக வண்டி வந்ததாம். போய்விட்டுத் திரும்பிவிட்டாள்.

“அங்க போனா ஒண்ணும் தெரியல டீச்சர். கயித்தக் கட்டி நிறுத்திட்டாவ. மனுசன் முதுவுதான் தெரியுது. இங்கன்னா கேக்காவது செய்யுது.”

டண், டண். இடைவெளி. டண், டண். திரையின் மூலையில் சிவப்பில் ‘நேரலை’. அதற்குக் கீழே ஐம்பத்து மூன்று மணி நேரம் என்று ஒரு கடிகாரம்.  மயில் அகவியது. மறுபடி டண், டண்.

“தூக்கச் சொல்லுதாவ,” என்றாள் முத்துப்பேச்சி. யாரிடமும் இல்லை.

பிரியாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒன்றாம் பட்டனை அழுத்துவது யார்?

“நாந்தான். அப்பா டிவிக்குள்ளதான இருக்காவ. அமுக்கலன்னா என்ன ஏசுவேன்னு சொன்னீங்கல்லா?”

அழுத்தாதே என்று சொல்லியிருக்கலாம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஸ்கூட்டி பஞ்சர். தள்ளிக்கொண்டே மெயின் ரோடு வரை. வழியில் பஞ்சாயத்து அலுவலகம், சலூன், ரேஷன் கடை வாசல். எல்லா இடத்திலும் அதே சத்தம், ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் ஒரு நொடி முன்பின்னாக.

மே 12, ஞாயிறு

அம்மா போன். நாகர்கோவிலில் மூன்று நாளாக முருங்கைக்கீரை ஆய்கிறாள் போல. டிவி முன்னால்தான்.

“செத்த நேரம் அங்கோட்டு போய் படுங்கம்மா.”

“போவ முடியலியே மக்ளே. நா அங்கோட்டு போற நேரம் பாத்து அவன எடுத்துட்டானுவன்னா?”

மாலை லெனின். அதே டீக்கடை. அவன் இரண்டு டீ குடித்தான். நானாகத்தான் கேட்டேன். காலையிலிருந்து கேட்க வேண்டும் என்று இருந்தது.

“லெனின், அந்த மயில்.”

“என்ன மயில்?”

“நாலாவது தட்டுக்கு அப்புறம் வரும். வியாழக்கிழமையும் வந்துச்சு. நேத்தும் வந்துச்சு. இன்னைக்குக் காலையில நாலு தடவை வந்துச்சு.”

அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு டம்ளரைக் கீழே வைத்தான்.

“வியாழக்கிழம சாயங்காலத்தோட சத்தம் நின்னுபோச்சு மதி. டெஸ்க்ல சொன்னேன். வேற ஏதாவது குடுன்னாங்க. வேற என்ன இருக்கு? உன் கோடத்தான் காட்டுனேன். அவ்வளவுதான். பழைய பதிவையே திரும்பத் திரும்பப் போடுற முடிவு அவங்களோடது.”

உன் கோடு என்றான்.

“அந்தப் பொம்பளைக்குச் சொல்லணும்.”

“சொல்லு. எப்படித் தெரியும்னு கேப்பாங்க. உன் வேலை போகும், என் வேலை போகும். ஆளு வெளிய வந்தப்புறம் யாரும் இதக் கேக்கப்போறதில்ல.”

டீக்கடை டிவியிலும் ஓடிக்கொண்டிருந்தது. டண், டண். கடைக்காரர் கெட்டிலைக் கையில் தூக்கியபடி நின்றார், அந்த நாற்பது விநாடியும். இரண்டு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மே 13, திங்கள்

சொல்வதற்காகத்தான் போனேன். இதை எழுதி வைக்க வேண்டும்.

வீட்டில் அவள் இல்லை. அதிகாரிகள் கிணற்றடிக்கு அழைத்துப்போயிருந்தார்கள். நானும் போனேன். எலுமிச்சை மரங்களுக்கு நடுவே கூட்டம். முறுக்கு, மோர் விற்கிறார்கள். என் அடையாள அட்டையைக் கழுத்தில் பார்த்துவிட்டு டிவிக்காரர்கள் நிற்கும் இடத்துக்கு என்னை விட்டார்கள்.

தீயணைப்பு அதிகாரி ஐம்பது வயதுக்காரர். முத்துப்பேச்சி முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து மெதுவாகப் பேசினார்.

“அம்மா, வியாழக்கிழம சாயங்காலத்துக்கு அப்புறம் எங்க கருவியில ஒரு சத்தமும் பதிவாகல. பெரிய மிஷின வெச்சுப் பக்கத்துல இருந்து ஒடைச்சா நாளைக்குள்ள எட்டிரலாம். ஆனா உள்ள மண்ணு எறங்கும். உயிரோட ஒருத்தர் இருந்தா அதச் செய்யக் கூடாது. மிஷின் வேண்டாம்னா ஆள எறக்கிக் கையாலதான் அள்ளணும். சுவரு நிக்கிற நிலைமையில, எறங்குறவனுக்கு நா உத்தரவாதம் இல்ல. நீங்க என்ன சொல்றீங்க?”

“காலையிலகூடக் கேட்டுச்சே சார்.”

“எங்களுக்குக் கேக்கலம்மா.”

பின்னாலிருந்து கூட்டம் கத்தியது. ஊருக்கே கேக்குது, ஒங்களுக்குக் கேக்கலையா? மிஷின எறக்கிக் கொல்லப் பாக்கியா?

ஐகோர்ட்துரை நான்கு நாளாகக் கிணற்று விளிம்பில்தான் இருக்கிறான். குழாயில் காதை வைத்துவைத்துக் கன்னத்தில் துரு. அவனிடம் அதிகாரி கேட்டார், “தம்பி, உனக்குக் கேட்டுச்சா?”

“எனக்குக் கேக்கல சார்,” என்றான். “ஆனா அது நம்ம காது. அவங்க மைக்கு வெளிநாட்டு மைக்குல்லா. டிவில கேக்குதுன்னா அத்தான் இருக்காவ. மிஷின் வேண்டாம். நா எறங்குதேன்.”

குழாயில் காதை வைத்திருந்தவன் அவன். கேட்கவில்லை என்று தெரிந்தவன் அவன்.

முத்துப்பேச்சி அதிகாரியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தாள்.

“டீச்சர், நீங்க டிவி ஆளு. ஒங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க, அந்தச் சத்தம் இப்பத்திய சத்தந்தான? அவியதான தட்டுதாவ?”

எல்லோரும் திரும்பினார்கள். பத்துப் பதினைந்து காமிராக்கள். லெனின் மூன்றாவது ஆளாக நின்றிருந்தான், மைக்கைப் பிடித்தபடி.

 வெயிலில் கண் கூசியது. தலையை லேசாக அசைத்தேன் என்று நினைக்கிறேன்.

“கையாலயே அள்ளுங்க சார்,” என்றாள் முத்துப்பேச்சி.

மே 14, செவ்வாய்

இரண்டாவது வீடு, சங்கரன்கோவில் பக்கம், தையல்காரர் வீடு. ரிமோட்டில் பேட்டரி மாற்ற.

காலை 11.42. திரையில் ஐகோர்ட்துரை இறங்கிக்கொண்டிருந்தான். மூன்றாவது முறையாம் இன்று. மஞ்சள் ஹெல்மெட். இடுப்புக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மேலே இருந்தவனிடம் ஏதோ சொன்னான், இரண்டு பேரும் சிரித்தார்கள். தலை விளிம்புக்குக் கீழே போனது. கொஞ்ச நேரம் கயிறு மட்டும். பிறகு கிணற்றிலிருந்து தூசி மேலே வந்தது. மெதுவாகத்தான் வந்தது. கயிறு ஒருபக்கமாக இழுபட்டு நின்றுவிட்டது.

காமிரா நகரவில்லை.

தையல்காரர் மனைவி தன் சின்ன மகளின் கண்ணைக் கையால் மூடினாள். தன் கண்ணை மூடவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து ஓடி வந்தவர்கள் வாசலை அடைத்து நின்றார்கள். யாரோ “ஐயோ ஐயோ” என்றார்கள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒன்பது பேர். நான் எண்ணினேன். தையல்காரரிடம் விருந்தாளி பட்டனை ஒன்பது முறை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். அது என் வேலை.



மே 15, புதன்

அதிகாலை மிஷின் வந்தது. இம்முறை யாரும் தடுக்கவில்லை.

மதியம் ஐகோர்ட்துரையை எடுத்தார்கள். மாலை ஐந்து மணிக்குக் கருத்தப்பாண்டியை. நீலத் தார்ப்பாய். சானலின் கடிகாரம் நூற்று ஐம்பத்து இரண்டு மணி நேரத்தில் நின்றது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் ஒரு சிமெண்ட் விளம்பரம்.

மே 16, வியாழன்

தட்டும் சத்தம் வரவேயில்லை இன்று. சலூனில் பழைய பாட்டு.

தண்ணீர் கேன் சொல்ல வேண்டும்.

மே 18, சனி

லெனின் மூன்று முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான்: பிரேத பரிசோதனை அறிக்கையை ஆஸ்பத்திரியில் ஒருவர் காட்டினார். கருத்தப்பாண்டி வெள்ளிக்கிழமை காலைக்குள் இறந்திருக்கிறார். பத்தாம் தேதி. காற்று இல்லாமல். இதை நாங்கள் போடவில்லை.

படித்தேன். அழித்தேன். நான் அழித்தது போனில் மட்டும்.

டீக்கடையில் கோட்டைக் காட்டிய நேரத்தில் அவர் ஏற்கெனவே இல்லை. இது எனக்கு ஆறுதலாக இருக்கிறது என்று கண்டுபிடித்தபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஐகோர்ட்துரை ஞாபகம் வந்தான்.

மே 20, திங்கள்

என் மேலாளர் ஹென்றி சார் போன். குரலில் பண்டிகை.

“மதி, பாத்தியா? செவ்வாய்க்கிழம 11.42. ஒரு கோடியே பதினெட்டு லட்சம். தமிழ்ல எந்தச் செய்தி சானலும் தொட்டதில்ல. ஹெட் ஆபீஸ்ல இருந்து கேக்காங்க, ஏன் இத்தன பேரு பாத்தாங்கன்னு ஒரு குறிப்பு வேணுமாம். நீ சோசியாலஜிதான? ரெண்டு பக்கம் எழுதிக் குடு. ஆங், இன்னொண்ணு. ஒன் ஏரியாவுல ஒரு வீட்ல ஒருத்தர் ஆறு நாளு எழும்பாமப் பாத்துருக்காரு. ஒண்ணாம் பட்டன். அந்த ஆளு யாரு, பெட் பேஷண்டா? செக் பண்ணிரு.”

சரி சார் என்றேன்.

குறிப்புக்காக எழுதி அடித்தவை:

முடிவு தெரியாத எதையும் விட்டு எழுந்திருக்க முடியாது.

தனக்கு நடக்கவில்லை என்ற நிம்மதி. (இது புத்தகத்தில் படித்தது. உண்மையாகத் தோன்றவில்லை. தையல்காரர் வீட்டில் யார் முகத்திலும் நிம்மதி இல்லை.)

எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் எல்லோரும் பார்க்கிறார்கள்.

அம்மா: நான் போகிற நேரத்தில் எடுத்துவிட்டால்? அதாவது பார்ப்பது ஒரு காவல். கண்ணை எடுத்தால் அந்த ஆளைத் தனியாக விட்டதாகிவிடும். இது நல்ல குணம். இந்த நல்ல குணத்தைத்தான் நாற்பது விநாடியில் பிடித்து வைத்தார்கள்.

பிடித்து வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறேன். வினைமுற்றை மாற்ற வேண்டும்.

மே 21, செவ்வாய்

குறிப்பு அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கம். ‘உணர்வுப் பிணைப்பு’ என்ற சொல் ஐந்து இடத்தில். ஹென்றி சார் கட்டை விரல் அனுப்பினார்.

மே 24, வெள்ளி

மேலக்கரும்பூர். பெட்டியைக் கழற்ற, ஒன்றாம் பட்டனைப் பற்றி எழுதி வாங்க. சந்துமுனையில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்திவைத்திருந்தேன்.

சுவரில் இரண்டு படங்கள், மாலையோடு. கருத்தப்பாண்டிக்கு அதே ஆதார் படம், பெரிதாக்கியதில் முகம் கலங்கியிருந்தது. ஐகோர்ட்துரைக்கு ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. சிரித்துக்கொண்டிருந்தான். டிவிமேல் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது.

முத்துப்பேச்சி தண்ணீர் கொடுத்தாள். டம்ளரைத் தரையில் வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தாள்.

“எத்தன பேரு பாத்தாவ டீச்சர்?”

சொல்லக் கூடாது. சொன்னேன்.

“கோடி,” என்றாள். விரலை மடக்கி எண்ணுவதுபோல ஏதோ செய்தாள். “அத்தன பேரும் கேட்டுருக்காவ. ஒருத்தருக்குமா தெரியல?”

“என்னது?”

“மயிலு. ஒரே எடத்துலதான கத்துது. நாலாவது தட்டு முடியவும் கத்துது. சனிக்கிழமயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு டீச்சர். தெரியாதவ மாதிரி உக்காந்திருந்தேன். அத விட்டு எந்திரிச்சா நானே கயித்த விட்ட மாதிரில்லா ஆயிரும்?”

நான் தண்ணீரைக் குடித்தேன்.

“அந்த ஆபீசரு கேக்கும்போது, மிஷின எறக்குங்கன்னு வாய் வரைக்கும் வந்துது. என் வாயால எப்படிச் சொல்ல? அவியளச் செத்தவன்னு நா எப்படிச் சொல்ல? அதான் ஒங்ககிட்ட கேட்டேன். வேற யாராவது இல்லன்னு சொல்லட்டும்னுதான் கேட்டேன். நீங்க இல்லன்னு சொல்லிருந்தீங்கன்னா நா விட்டுருப்பேன். எந் தம்பி மேலயே நின்னுருப்பான்.”

குரல் உயரவே இல்லை. அரிசியில் கல் பொறுக்குகிறவள்போலத் தரையைப் பார்த்தபடி பேசினாள்.

“நீங்க தலைய ஆட்டுனீங்க.”

பிரியா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க டீச்சர். அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

டிவிமேல் போட்டிருந்த துண்டு கருத்தப்பாண்டியுடையது என்று அப்போதுதான் கவனித்தேன். மே இரண்டாம் தேதி அவர் தோளில் இருந்தது. ஓரத்தில் கரி.

“தெரியாதுக்கா,” என்றேன்.

 அவள் எழுந்து ரிமோட்டை எடுத்து வந்து கொடுத்தாள். ஒன்றாம் பட்டனில் எண் தேய்ந்திருந்தது. இரண்டும் மூன்றும் புதிதுபோல இருந்தன.

“தெரியாதவ எதுக்கு பத்து நாளா இந்தப் பக்கம் வரல?” என்றாள்.

பெட்டியைக் கழற்ற ஆறு திருகாணி. ஒன்று உருண்டு டிவிக்கு அடியில் போய்விட்டது. பிரியா குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

மே 25, சனி

வீட்டு ஆளை நீக்கும் படிவம். லேப்டாப்பில்.

நீக்கும் காரணம்: வெளியூர், திருமணம், இறப்பு. மூன்றில் ஒன்று.

இறப்பு.

அடுத்த கட்டத்தில் இறந்த தேதி. அந்தத் தேதியிலிருந்து அவர் பெயரில் விழுந்த பதிவெல்லாம் செல்லாது. பத்து என்று போட்டால் ஆறு நாளும் போகும். செத்தவர் எப்படிப் பார்த்தார் என்று கேட்பார்கள். அவர் இறந்தது பத்தாம் தேதி என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பதின்மூன்றாம் தேதி நான் எங்கே நின்றேன் என்று கேட்பார்கள். அந்தக் காட்சி எல்லோரிடமும் இருக்கிறது. வெயிலில் ஒரு பெண் தலையாட்டுகிறாள். அப்போது எண்பத்தேழு லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் கேன்காரர் வந்தார். எழுந்துபோய்க் கதவைத் திறந்து, கேனை மாற்றி, காலிக் கேனைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கட்டம் காலியாகவே இருந்தது.

15 என்று போட்டேன்.

பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. மாற்றம் பதிவு செய்யப்பட்டது. முந்தைய தரவுகளில் பாதிப்பு இல்லை.